வாசகர் கேள்வி – பதில்: பொருளை வாங்குமுன் இடத்தைப் பாருங்கள்

வீட்டையும் மனையையும் அமைப்பது பற்றிய சீன மரபான ஃபெங்சுயி குறித்துக் கடந்த சில வாரங்களில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, எதை வாங்கி எந்த மூலையில் வைக்க வேண்டும் என்றே கேட்கின்றன. இந்த மரபு பிறந்த மண்ணில் முதலில் எழுந்த கேள்வி அதுவன்று. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, நீர் எங்கே நிற்கிறது, வெயில் எங்கே விழுகிறது என்பவற்றைப் பார்த்த பிறகுதான் மற்றவை பேசப்பட்டன. செல்வத்தையும் உடல்நலத்தையும் பற்றி ஃபெங்சுயி கூறுபவை நம்பிக்கையைச் சார்ந்தவை என்பதையும், அவற்றை நிறுவும் அறிவியல் சான்று இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பிக்கை உள்ளவர்கள் அதைத் தவறின்றிக் கடைப்பிடிக்க வேண்டும், அதன் பெயரால் யாரும் பணத்தையோ பாதுகாப்பையோ இழந்துவிடக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் கீழுள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் புதிதாக வாங்கியுள்ள அடுக்குமாடி வீட்டில் வாசற்கதவைத் திறந்தால் நேர் எதிரே கூடத்துச் சன்னல் தெரிகிறது. வருகிற பணம் நில்லாமல் வெளியே போய்விடும் என்று எதிர்வீட்டுச் சீன அம்மையார் அக்கறையோடு எச்சரித்தார். கூடத்தின் குறுக்கே கூரைவரை மரத்தடுப்பு அமைக்கலாமா?
– வாசகி, டாம்பினிஸ், சிங்கப்பூர்

பதில்: தடுப்பு வைக்கலாம், கூரைவரை வேண்டாம். ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றப் பல கேள்விகளுக்கும் இதிலேயே விடை இருக்கிறது.

'ஃபெங்' என்றால் காற்று, 'சுயி' என்றால் நீர். கி.பி. 276 முதல் 324 வரை வாழ்ந்த குவோ பு என்னும் அறிஞரின் பெயரில் வழங்கும் பழைய நூல் ஒன்று, 'சி' எனப்படும் உயிராற்றல் காற்றில் ஏறினால் சிதறிவிடும், நீரை எட்டினால் தங்கிவிடும் என்கிறது. அந்த நூல் பேசுவது இறந்தோரை அடக்கம் செய்யும் நிலத்தைப் பற்றி என்றாலும், வீடு, ஊர், அரண்மனை ஆகிய எல்லாவற்றுக்கும் அதே கருத்து பின்னர் விரிக்கப்பட்டது. வாசலில் நுழைந்த ஆற்றல் வீட்டுக்குள் தங்காமல் எதிர்ச் சன்னல் வழியே நேராக ஓடிவிடும் என்பதே உங்கள் எதிர்வீட்டு அம்மையார் சொன்னதன் பொருள்.

பழைய பெய்ஜிங்கின் முற்றத்து வீடுகளைப் பார்த்தால் இந்தக் கருத்து எந்தத் தேவையிலிருந்து முளைத்தது என்பது விளங்கும். அங்கே குளிர்காலத்தில் வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் உறைய வைக்கும் வறண்ட காற்றும், அதோடு புழுதியும் வரும். ஆகவே முதன்மையான கட்டடம் தெற்கு நோக்கியிருக்கும். தெருவாசல் பெரும்பாலும் தென்கிழக்கு மூலையில் அமைந்திருக்கும். உள்ளே நுழைந்தவுடன் 'யிங்பி' எனப்படும் தனிச்சுவர் ஒன்று நிற்கும். வருகிறவர் அதைச் சுற்றிக்கொண்டுதான் முற்றத்துக்குப் போக முடியும். காற்றின் வேகம் அங்கே முறிகிறது, தெருவில் போகிறவர்களின் பார்வையும் மறைகிறது.

நீங்கள் இருப்பதோ நிலநடுக்கோட்டுக்குச் சற்றே மேலே, ஏறத்தாழ ஒரு பாகையில். உங்களுக்குக் குளிர்காற்று பகையன்று, வீசுகிற காற்றுதான் துணை. கூரைவரை தடுத்தால் கூடம் இருண்டு புழுங்கும், நாள் முழுவதும் குளிர்சாதனம் ஓடும். யிங்பி சுவர்கூட வீட்டை அடைப்பதில்லை, வழியை வளைக்கிறது, அவ்வளவுதான். நெஞ்சளவு உயரமுள்ள புத்தக அலமாரியோ, இடைவெளி விட்டு அடித்த மரச்சட்டத் தடுப்போ, சன்னலில் ஒரு மெல்லிய திரையோ போதும். பார்வை நேராகச் சென்று சன்னலில் முட்டக் கூடாது, காற்று மட்டும் வந்துபோக வேண்டும். இந்த மரபைத் தன் வீட்டில் வாழ்ந்து பழகியவர் உங்கள் எதிர்வீட்டு அம்மையார். அலமாரியை எங்கே வைக்கலாம் என்று அவரையே அழைத்துக் கேளுங்கள், மகிழ்ந்து சொல்வார்.

கேள்வி: எங்கள் வீடு தெருக்குத்து. பரிகாரமாக எண்கோண வடிவில் கண்ணாடி பதித்த ஒரு பலகையைக் கடையில் கொடுத்தார்கள். அதைக் கூடத்தில், சாமி படத்துக்கு அருகில் மாட்டியிருக்கிறேன். சரிதானே?
– வாசகர், திருச்சி

பதில்: இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் நான் மிகுதியாகக் காணும் தவறு இதுதான். அந்தப் பலகைக்குப் பாகுவா கண்ணாடி என்று பெயர். வெளியிலிருந்து வருவதைத் திருப்பி அனுப்புவதற்கென்று வெளியே மாட்டப்படுவது அது. வீட்டுக்குள் மாட்டும் வழக்கம் இல்லை. வீட்டுக்குள் அதை மாட்டுவது, சீனர்களின் கண்ணோட்டத்தில், வீட்டாரையே எதிரியாகக் கருதி விரட்டுவதற்கு ஒப்பாகும். இன்றே கழற்றிவிடுங்கள்.

வெளியே மாட்டுவதானாலும் இரண்டைக் கவனிக்க வேண்டும். சுற்றியுள்ள எட்டுக் குறிகளில், முறியாத மூன்று கோடுகளைக் கொண்ட குறி உச்சியில் இருக்க வேண்டும். அது வானத்தைக் குறிப்பது. கடையில் வாங்கியவர்கள் பலர் தலைகீழாக மாட்டிவிடுகிறார்கள். இரண்டாவது, அது பக்கத்து வீட்டின் வாசலையோ சன்னலையோ பார்த்தபடி இருக்கக் கூடாது. ஹாங்காங்கில் இதனால் அண்டை வீட்டாருக்குள் மனக்கசப்பு வருவதுண்டு. தன் மேல் வருவதை அவர் நம் மேல் திருப்பிவிடுகிறார் என்றே எதிர்வீட்டார் எடுத்துக்கொள்வார்கள்.

தெருக்குத்தைப் பொறுத்தவரை சீனர்களும் நாமும் ஒரே அச்சத்தை உடையவர்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. நம் ஊரில் தெரு முட்டும் இடத்தில் பிள்ளையாரை வைக்கிறோம். தென்சீனத்திலும் தைவானிலும், ஜப்பானின் ஓகினாவா தீவுகளிலும் அதே இடத்தில் 'ஷி கன் டாங்' என்று எழுத்துப் பொறித்த கல்லை நடுகிறார்கள். இந்த அச்சத்துக்கு நடைமுறைக் காரணமும் உண்டு. இரவில் ஒவ்வொரு வண்டியின் விளக்கொளியும் உங்கள் சன்னலில் விழும். தடுப்புப் பிடிக்காத வண்டி நேராக உங்கள் வாசலுக்கே வரும். தெருவின் மழைநீரும் புழுதியும் உங்கள் வீட்டை நோக்கியே வரும். உறுதியான சுற்றுச்சுவர், அதன் உட்புறம் அடர்த்தியான செடிவரிசை, தெருவின் நேர்க்கோட்டிலிருந்து சற்று விலக்கி அமைத்த வாயிற்கதவு ஆகியவை இந்த மூன்றையும் குறைக்கும். கண்ணாடி இவற்றில் எதையும் செய்யாது.

கேள்வி: வாஸ்து நிபுணர் வடகிழக்கில் நீர்த்தொட்டி வைக்கச் சொல்கிறார். ஃபெங்சுயி புத்தகமோ வேறு சொல்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கடைப்பிடிக்க வழி உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை. இரண்டும் ஐந்து பூதங்களைச் சொல்வதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன, ஆனால் அந்த ஐந்தும் வேறு வேறு. நம்முடையவை நிலம், நீர், தீ, காற்று, வெளி. சீனர்களுடையவை மரம், தீ, மண், உலோகம், நீர். அங்கே காற்றும் வெளியும் இல்லை. இங்கே மரமும் உலோகமும் இல்லை. வாஸ்துவில் ஈசானிய மூலை நீருக்குரியது, ஃபெங்சுயியில் அதே வடகிழக்கு மண்ணுக்குரியது, நீரின் திசை வடக்கு. வாஸ்துவில் அக்கினி மூலையான தென்கிழக்கில் அடுப்பு வைக்கிறோம், ஃபெங்சுயியில் அது மரத்தின் திசை, தீயின் திசை தெற்கு. ஒன்றின் விதியை மற்றொன்றின் வரைபடத்தில் பொருத்தினால் வீட்டில் ஒரு மூலைகூடக் குற்றமில்லாமல் தேறாது. எந்த மரபு உங்கள் குடும்பத்துக்கு இயல்பானதோ அதை மட்டும் பின்பற்றுங்கள்.

புத்தகத்தைப் பார்த்துத் தாமே வரைபடம் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஃபெங்சுயியின் பழைய வரைபடங்களில் தெற்குதான் மேலே இருக்கும். காந்த ஊசிக்கே அவர்கள் மொழியில் 'தெற்குகாட்டும் ஊசி' என்றுதான் பெயர். அத்தகைய படத்தை, மேற்புறம் வடக்கு என்று எண்ணிக்கொண்டு வீட்டின் மேல் பொருத்தினால் எல்லாமே தலைகீழாகிவிடும். வாசலை அடிப்படையாக வைத்து வரையும் முறையும் ஒன்று உண்டு. அது 1980-களில் லின் யுன் என்பவர் அமெரிக்காவில் பரப்பிய பிரிவுக்கு உரியது, அதில் திசைகாட்டியே தேவையில்லை. ஒரே புத்தகத்தில் இரண்டு முறைகளும் கலந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது தவறு அளவெடுப்பதில் நேர்கிறது. சீனத் திசைகாட்டியான லோபான், வட்டத்தை 24 பகுதிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றும் 15 பாகை. கைப்பேசியை இரும்புக் கதவுக்கோ குளிர்பதனப் பெட்டிக்கோ அருகில் வைத்து அளந்தால் முள் அதற்கு மேலும் விலகக்கூடும். வாசலுக்கு வெளியே சில அடி தள்ளி நின்று, மூன்று நான்கு இடங்களில் அளந்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: படுக்கைக்கு நேர் மேலே உத்தரம் செல்கிறது. கால்மாட்டில் நிலைக்கண்ணாடி பதித்த அலமாரி இருக்கிறது. இரண்டும் குற்றம் என்கிறார்களே?
– வாசகி, சேலம்

பதில்: ஃபெங்சுயியில் இரண்டுமே தவிர்க்க வேண்டியவைதான். இவற்றோடு, கால்கள் நேராக அறைக்கதவை நோக்கும்படி படுப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறந்தவரை வெளியே எடுத்துச் செல்லும் நிலையை அது நினைவூட்டுவதால் சீனர்கள் அதை விரும்புவதில்லை. மூன்றுக்கும் ஒரே தீர்வு கட்டிலை நகர்த்துவது. தலைமாடு உறுதியான சுவரை ஒட்டியும், படுத்தபடியே கதவைப் பார்க்கக்கூடியதாகவும், கதவுக்கு நேர்க்கோட்டில் இல்லாமலும் இருக்கட்டும். நகர்த்த இடமில்லையென்றால் கண்ணாடிக்கு இரவில் திரை போடுங்கள். உத்தரத்தை மறைக்க மெல்லிய போலிக்கூரை அமைக்கலாம். உத்தரத்தைச் செதுக்கவோ வெட்டவோ மட்டும் யார் சொன்னாலும் இணங்காதீர்கள். மேல்தளத்தின் சுமை அதன் மேல் நிற்கிறது.

கேள்வி: ஈப்போவில் சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் ஒரு மனை மலிவாக வருகிறது. பின்னால் மலை இருந்தால் மிக நல்லது என்று தரகர் வற்புறுத்துகிறார்.
– வாசகர், ஈப்போ, மலேசியா

பதில்: பின்னால் மலை, முன்னால் நீர் என்பது ஃபெங்சுயியின் பழைய இலக்கணம் என்பது உண்மை. பின்னே கருநிற ஆமை, இடப்புறம் பச்சை நாகம், வலப்புறம் வெள்ளைப் புலி, முன்னே செந்நிறப் பறவை என நான்கு உயிர்களாக அதை உருவகம் செய்வார்கள். ஆனால் தரகர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். ஆமை என்பது முதுகு வளைந்து, மெல்லச் சரிந்து, மரம் அடர்ந்து நிற்கும் குன்று. செங்குத்தாக எழுந்து தலைக்கு மேல் தொங்கும் மொட்டைப் பாறையை இந்த மரபின் ஆசான்கள் அரணாகக் கொள்வதில்லை, அச்சுறுத்தலாகவே கொள்கிறார்கள்.

உங்கள் ஊரே இதற்குச் சான்று. 1973-இல் குனோங் செரோ குன்றிலிருந்து பாறை சரிந்து, அடிவாரத்தில் குடியிருந்தவர்களில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தார்கள். சுண்ணாம்புப் பாறையை மழைநீர் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. புவியியல் வல்லுநரின் எழுத்துப்பூர்வமான கருத்து கையில் வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

பின்புற மலையை எப்படிப் போற்றுவது என்பதற்கு ஹாங்காங்கில் 'நியூ டெரிட்டரீஸ்' எனப்படும் புதிய நிலப்பகுதியின் கிராமங்களைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அங்கே பழைய கிராமங்கள் பலவற்றின் பின்னால், சரிவை அணைத்தபடி ஒரு காடு இருக்கும். அதை ஃபெங்சுயிக் காடு என்றே அழைக்கிறார்கள். அத்தகைய காடுகள் நூற்றுக்கும் மேல் இன்றும் எஞ்சியுள்ளன. வடகிழக்குக் கோடியில் கடலோரமாக உள்ள லாய் சி வோ என்னும் ஹக்கா மக்களின் கிராமத்தில், வரிசை வரிசையான வீடுகளுக்குப் பின்னே அந்தக் காடு அரைவட்டமாக நிற்பதைக் காணலாம். மரத்தை வெட்டினால் ஊரின் நற்பேறு போய்விடும் என்ற நம்பிக்கையால் தலைமுறை தலைமுறையாக அதில் யாரும் கோடரி வைக்கவில்லை. அந்தக் காடு சூறாவளியின் வேகத்தைத் தாங்கியது, மழையில் மண் சரியாமல் பிடித்துவைத்தது, கோடையில் நிழல் தந்தது. சுற்றியுள்ள குன்றுகள் விறகுக்காக மொட்டையான பின்பும் பழைய தாழ்நிலக் காட்டின் மரவகைகள் இத்தகைய இடங்களில்தான் தப்பிப் பிழைத்தன. நம் கோயில்காடுகளை அறிந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னுள்ள மரங்களை வெட்டிச் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டு, அதன் மேல் கல் ஆமை பொம்மையை வாங்கி வைக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: சிரிக்கும் புத்தரை நாமே வாங்கக் கூடாது, யாராவது பரிசளிக்க வேண்டும் என்கிறார்களே? மூங்கில் செடிக்கு எத்தனை தண்டு இருக்க வேண்டும்?
– வாசகி, சென்னை

பதில்: பரிசாகத்தான் வர வேண்டும் என்பது நம் நாட்டில் பரவிய பேச்சு, சீன ஃபெங்சுயியில் அப்படியொரு விதி இல்லை. அவர் கௌதம புத்தரும் அல்லர். பத்தாம் நூற்றாண்டில் சீனத்தின் ஜெஜியாங் பகுதியில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும், துணிமூட்டை சுமந்து திரிந்த புதாய் என்னும் துறவி அவர். வரவிருக்கும் மைத்ரேய புத்தரின் வடிவமாகச் சீனப் பௌத்தர்கள் அவரை வணங்குகிறார்கள். ஆகவே தரையிலும், செருப்பு விடும் இடத்திலும், கழிவறை அருகிலும் வைப்பதுதான் தவறு. வழிபாட்டுக்குரிய ஓர் உருவத்துக்குத் தரும் மரியாதையை அவருக்கும் தாருங்கள்.

கடைகளில் கிடைக்கும் அதிர்ஷ்ட மூங்கில், மூங்கில் இனமே அன்று. மேற்கு, நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த டிரசீனா வகைச் செடி. நான்கு தண்டுகளைத் தவிர்ப்பார்கள், சீனத்தில் நான்கு என்ற சொல்லும் சாவு என்ற சொல்லும் ஒலியில் நெருங்கியவை என்பதால். ஹாங்காங்கில் பல கட்டடங்களில் 4, 14, 24 ஆகிய மாடி எண்களே இராது. தண்டுகளை எண்ணுவதைவிடத் தண்ணீரை மாற்றுவதில் கருத்தாக இருங்கள். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தச் சிறு கண்ணாடிக் குடுவையே போதும். 2001-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுக்குக் கப்பலில் நீரோடு சென்ற இதே செடிகளோடுதான் ஆசியப் புலிக்கொசுவும் போய் இறங்கியது. இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி, குடுவையின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

மீன்தொட்டி பற்றிக் கேட்ட மற்ற வாசகர்களுக்கும் இதுவே பதில். எட்டுப் பொன்மீனும் ஒரு கருப்பு மீனும் என்ற கணக்கு பரவலானது. ஆனால் ஒன்பது மீன்களைச் சின்னஞ்சிறு தொட்டியில் அடைத்துக் கலங்கிய நீரில் சாகவிடுவதை எந்த ஆசானும் ஏற்கமாட்டார். படுக்கையறையில் தொட்டி வேண்டாம்.

கேள்வி: 2024-இல் ஒன்பதாம் காலம் தொடங்கிவிட்டதாம், வீட்டு வாசலையே மாற்ற வேண்டுமா?
– வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: வேண்டாம். பறக்கும் விண்மீன் என்னும் கணக்குமுறையில் காலம் இருபது இருபது ஆண்டுகளாக ஒன்பது பகுதிகளாய்ப் பிரிக்கப்படுகிறது. 2004 முதல் எட்டாவது நடந்தது. 2024 பிப்ரவரி முதல் ஒன்பதாவது நடக்கிறது. காலம் மாறும்போதெல்லாம் சீனர்கள் வீட்டை இடித்துக் கட்டியதில்லை.

கேள்வி: இந்த வீட்டுக்கு வந்து ஓராண்டுதான் ஆகிறது. அதற்குள் என் கணவரின் தொழில் நொடித்துவிட்டது. செல்வ மூலையில் கழிவறை இருப்பதே காரணம், அதை இடித்து இடம் மாற்றினால்தான் மீள முடியும் என்று ஓர் ஆலோசகர் சொல்கிறார். நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம்.
– வாசகி, பொங்கோல், சிங்கப்பூர்

பதில்: அம்மா, நகையை அடகு வைக்க வேண்டாம். இந்தக் கடிதத்துக்கு நான் தனியாகவும் பதில் அனுப்பியிருக்கிறேன்; இதே நிலையில் இருக்கும் வேறு குடும்பங்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இங்கேயும் எழுதுகிறேன்.

செல்வ மூலை என்று ஒரே இடத்தை எல்லாப் பிரிவினரும் சொல்வதில்லை. ஒரு முறைப்படி அது தென்கிழக்கு, மற்றொரு முறைப்படி வாசலில் நுழைந்ததும் இடப்புறக் கடைக்கோடி, வேறொரு கணக்கில் வீடு கட்டிய ஆண்டைப் பொறுத்து மாறும். ஒருவர் காட்டும் மூலையை அடுத்தவர் மறுப்பார். அடுக்குமாடியில் உங்கள் கழிவறைக்கு மேலும் கீழும் அதே இடத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கழிவறை இருக்கிறது. அவர்கள் எல்லாருடைய தொழிலும் நொடிக்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். நீங்கள் இருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடாயின், சுவரை இடிக்கக் கழகத்தின் அனுமதி வேண்டும். புதிய வீட்டின் கழிவறைத் தரையையும் சுவர்ப் பூச்சையும் முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பெயர்க்கவே கூடாது. கீழ்வீட்டுக்கு நீர் கசியாமல் தடுக்கும் படலம் அதனடியில் இருக்கிறது.

மரபின்படி கழிவறைக்குச் சொல்லப்படும் பரிகாரம் மிக எளியது: மூடியையும் கதவையும் சாத்தி வையுங்கள், சொட்டும் குழாயை உடனே பழுது பாருங்கள், ஈரம் தங்காமல் காற்று வெளியேற வழி செய்யுங்கள். இதற்கு மேல் அந்த அறைக்காக ஒரு வெள்ளிகூடச் செலவிட வேண்டியதில்லை. ஆலோசகருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அதற்கு எழுத்தில் ரசீது கேளுங்கள், மீதியைக் கொடுக்காதீர்கள். தொழிலின் வரவு செலவுக் கணக்கைக் கணவரோடு உட்கார்ந்து ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு, கணக்காளர் ஒருவரிடம் இந்த வாரத்திலேயே காட்டுங்கள். கடன்காரர்களிடம் தவணை கேட்பதானால், நகை கையில் இருக்கும்போதே கேளுங்கள்.